குதிப்புக்கு முந்தைய அரை நொடி: கல்லூரிக் கூடைப்பந்து வீரரின் தொழில்முறை எதிர்காலத்தைக் கணிப்பது எப்படி?

மார்ச் வந்தால் கொழும்பில் கூடைப்பந்துப் பித்துப் பிடித்தவர்களுக்குத் தூக்கம் போய்விடும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் கல்லூரி ஆட்டம் இங்கே விடிகாலை 4.30க்கு வரும். எட்டு மணிக்குள் வட்ஸ்அப் முழுக்க ஒரே டங்க் (எம்பிப் பந்தை வளையத்துக்குள் அறைவது) வீடியோ. "மச்சான், இவன் கட்டாயம் என்.பி.ஏ. போவான்" என்று, வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்கை நினைத்து, ஒருவர் எழுதுவார். "எறியவே தெரியாதவன் அங்கே போய் என்ன செய்வான்?" என்று இன்னொருவர் கேட்பார். இரண்டு பேரும் பார்த்தது அந்தப் பத்து நொடி வீடியோவைத்தான்.

உடலில் வேகமும் பலமும் நிறைந்திருந்து, ஆட்டம் இன்னும் பழுக்காத வீரரை எடைபோடுவதுதான் இந்த விளையாட்டிலேயே கடினமான கணிப்பு. கோடிக்கணக்கில் செலவழிக்கும் அணிகளே இதில் தடுமாறியிருக்கின்றன. புது வீரர்களை அணிகள் முறைபோட்டுத் தெரிவுசெய்யும் டிராஃப்டில், 2009இல், கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் 7 அடி 3 அங்குல வீரர் ஹஷீம் தபீட்டை 2ஆவதாக எடுத்தார்கள். அவருக்கு அடுத்து 3ஆவதாகப் போனவர் ஜேம்ஸ் ஹார்டன். 7ஆவதாகப் போனவர் ஸ்டெஃபன் கரி. தபீட் என்.பி.ஏ.யில் 2014க்கு மேல் நிலைக்கவில்லை. இதற்கு நேர்மாறாக, 2011இல் 15ஆவதாகப் போன கவாய் லெனர்டும் 2016இல் 27ஆவதாகப் போன பஸ்கல் சியாகமும் 2019இல் டொரொன்டோ ராப்டர்ஸுக்குக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தார்கள். டொரொன்டோவின் ஸ்காபரோவில் சொந்தக்காரர் இல்லாத தமிழ்க் குடும்பம் கொழும்பில் குறைவு என்பதால், அந்த ஜூன் மாதம் இங்கேயும் ஒரு சின்னத் திருவிழாதான்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே இடத்தைச் சுற்றித்தான் வரும். குதிப்பை விடுங்கள், குதிப்பதற்கு முந்தைய அரை நொடியைப் பாருங்கள். அந்த அரை நொடியில்தான் வீரர் நிலைமையைக் கவனிக்கிறார், முடிவெடுக்கிறார், காலை வைக்கிறார். எவ்வளவு உயரம் எழும்புகிறார் என்பது அதற்குப் பிறகு வரும் சங்கதி.

முதலில் கேள்வியைச் சரியாக வையுங்கள்

"போவானா, மாட்டானா" என்பது மொட்டையான கேள்வி. என்.பி.ஏ.யில் 30 அணிகள். ஓர் அணிக்கு 15 வழமையான ஒப்பந்தங்கள், அதற்கு மேல் கீழ்நிலை லீக்கோடு பகிர்ந்துகொள்ளும் இருவழி ஒப்பந்தங்கள் 3. டிராஃப்டில் வருடத்துக்கு 60 பேருக்கு மேல் எடுப்பதில்லை. அமெரிக்காவின் முதல் பிரிவுக் கல்லூரி அணிகளோ 350க்கும் மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள், எவ்வளவு ஒடுக்கமான வாசல் என்று தெரியும்.

ஆனால் தொழில்முறை என்பது என்.பி.ஏ. மட்டும் கிடையாது. ஐரோப்பா, அவுஸ்திரேலியா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் என்று எத்தனையோ லீக்குகள் சம்பளம் கொடுக்கின்றன. ஆகவே கேள்வியை இப்படிக் கேளுங்கள்: எந்த மட்டத்தில், எந்த வேலைக்கு, எத்தனை வருடத்தில்? என்.பி.ஏ.யில் பந்தைக் கையில் வைத்து ஆடுகிறவர்கள் ஓர் அணிக்கு இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்கள் தடுப்பு, ரீபவுண்ட் (தவறிய எறியில் திரும்பிவரும் பந்தைப் பிடிப்பது), மூலையில் நின்று எறிவது என்று ஒவ்வொரு வேலைக்காக அங்கே இருக்கிறார்கள். நீங்கள் பார்க்கும் பெடியனுக்கு எந்த வேலை பொருந்தும் என்பதுதான் நிஜக் கேள்வி.

படி 1: பிறந்த தேதியும், பந்தைத் தொட்ட வயதும்

ஆட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னரே இந்த இரண்டையும் தேடி எழுதிக்கொள்ளுங்கள். 19 வயதில் தடுமாறுவதும் 23 வயதில் தடுமாறுவதும் ஒன்றல்ல. கல்லூரியில் நாலாம் ஆண்டு மாணவர் தன்னைவிட நாலு வயது குறைந்தவர்களைத் தள்ளிவிட்டு ரீபவுண்ட் எடுப்பார். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அடுத்த மட்டத்தில் எல்லோருமே வளர்ந்த ஆண்கள்.

பந்தைத் தொட்ட வயது இன்னும் முக்கியம். ஹகீம் ஒலாஜுவோன் நைஜீரியாவில் உதைபந்தும் கைப்பந்தும் விளையாடிக்கொண்டிருந்துவிட்டு, 15 வயதளவில்தான் கூடைப்பந்துக்கு வந்தார். 1984இல் முதலாவது ஆளாக எடுக்கப்பட்டார், 1994இல் அதிசிறந்த வீரர் விருதும் வாங்கினார். கமரூனில் வளர்ந்த ஜோயல் எம்பீட்டும் சியாகமும் இப்படித்தான், பதின்ம வயதின் நடுவிலோ கடைசியிலோ வந்தவர்கள். ஆறு வயதிலிருந்து பந்தோடு வளர்ந்தும் இன்னும் பாஸ் பண்ணத் தெரியாத 20 வயதுக்காரரையும், நாலே வருடம் விளையாடி அதே குறையோடு நிற்கிறவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. பின்னவருக்குக் குறை என்பது இன்னும் படிக்காத பாடம். முன்னவருக்கு அது படித்தும் ஏறாத பாடமாக இருக்கலாம்.

படி 2: உடலைப் பிரித்துப் பாருங்கள்

"நல்ல அத்லெட்" என்ற சொல்லை நம்பாதீர்கள். அதற்குள் ஐந்தாறு தனித்தனித் திறமைகள் ஒளிந்திருக்கின்றன.

கல்லூரி இணையத்தளம் சொல்லும் உயரத்தில் சப்பாத்தும் ஆசையும் சேர்ந்திருக்கும். டிராஃப்டுக்கு முன் நடக்கும் என்.பி.ஏ. கம்பைனில் வெறுங்காலோடு அளப்பார்கள். கையை விரித்த அகலம், நின்றபடி கையை உயர்த்தினால் எட்டும் உயரம், நின்று குதிப்பது, ஓடிவந்து குதிப்பது, முக்கால் மைதான ஓட்டம், வளையத்தடியைச் சுற்றி ஓடித் திரும்பும் வேகம் எல்லாம் பதிவாகும். இதில் கை அகலமும் நின்றெட்டும் உயரமும் தலை உச்சியின் உயரத்தைவிடப் பெறுமதியானவை. பந்தைத் தடுப்பது கைதானே. லெனர்ட் வெறுங்காலில் ஏறத்தாழ 6 அடி 6 அங்குலம், ஆனால் கை அகலம் 7 அடி 3 அங்குலம்.

கம்பைன் அளக்காத மூன்று விஷயங்களை நீங்களே கண்ணால் அளக்க வேண்டும். ஒன்று, இரண்டாவது குதிப்பு. முதல் முறை எழும்பிப் பந்து கிடைக்காமல் தரையில் விழுந்தவர் மறுபடி எவ்வளவு சீக்கிரம் எழும்புகிறார்? ரீபவுண்ட் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகும். இரண்டு, குதிக்க எவ்வளவு ஆயத்தம் தேவை என்பது. முழங்காலை ஆழமாக மடித்து, கையை வீசி, இரண்டடி ஓடிவந்தால்தான் பறக்கிறார் என்றால் கூட்டத்துக்கு நடுவே அந்தக் குதிப்பு காணாமல் போய்விடும். மூன்று, நிற்கும் திறமை. முழு வேகத்தில் ஓடிவந்து ஒன்றரை அடியில் உடலை நிறுத்தி, இடுப்பைத் திருப்பி, மறுபக்கம் போக முடிகிறதா? ஓடத் தெரிந்தவர்கள் நிறைய, நிற்கத் தெரிந்தவர்கள் குறைவு. என் கணிப்பில் இந்த மூன்றாவதுக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

படி 3: முழு ஆட்டத்தையும் பாருங்கள், அவரை மட்டும் பாருங்கள்

சிறப்புத் தொகுப்புகளை மூடிவையுங்கள். மூன்று முழு ஆட்டங்களாவது தேடி எடுங்கள். பலமான அணிக்கு எதிராக ஒன்று, வெளியூர் மைதானத்தில் ஒன்று, அவர் மோசமாக ஆடியதாகப் பேசப்பட்ட ஒன்று. அந்த மூன்றாவது ஆட்டம்தான் அதிகம் சொல்லித்தரும்.

பார்க்கும்போது பந்தைத் துரத்தாதீர்கள். கண் தன்பாட்டில் பந்துக்குத்தான் போகும், பழக்கி இழுக்க வேண்டும். இதற்கு நேரில் பார்ப்பதைப்போலப் பயிற்சி வேறில்லை. சுகததாச உள்ளரங்கிலோ றோயல் எம்.ஏ.எஸ். அரங்கிலோ பாடசாலை ஆட்டம் நடந்தால் போய் மேல் வரிசையில் உட்கார்ந்து, ஒரே ஒரு வீரரை ஒரு கால்பகுதி முழுக்கப் பாருங்கள். பந்து தன்னிடம் இல்லாதபோது அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். அந்தப் பழக்கம் வந்தபிறகு திரைக்குத் திரும்புங்கள்.

ஒரு கொப்பியில் ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதினால் போதும்: நேரம், என்ன நிலைமை, என்ன செய்தார், சரியா பிழையா. பந்து உள்ளே விழுந்ததா என்பதை எழுதவேண்டாம். சரியான முடிவெடுத்துப் பந்து தவறுவதும் உண்டு, பிழையான முடிவெடுத்து அதிர்ஷ்டத்தில் விழுவதும் உண்டு.

படி 4: தடுப்பாட்டத்தில் அந்த அரை நொடி

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். பழுக்காத வீரருக்கு முதல் வேலை கிடைப்பது பெரும்பாலும் தடுப்புக்காகத்தான்.

ஒரு காட்சியை நெருக்கமாகப் பார்ப்போம். எதிரணிக் காவலர் (கார்ட், பந்தை நடத்திக்கொண்டு வருகிறவர்) வலப்பக்கம் பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறார். ஒரு நெட்டையர் வந்து மறைப்பாக நிற்கிறார். இந்த உத்தியின் பேர் பிக் அண்ட் ரோல். நம்முடைய ஆள் இந்த இரண்டு பேரையும் காக்கவில்லை, இடப்பக்க மூலையில் நிற்கும் மூன்றாவது ஆளைக் காக்கிறார். மறைப்பைத் தாண்டிக் காவலர் உள்ளே நுழைகிறார், நெட்டையர் வளையத்தை நோக்கி உருள்கிறார். இப்போது நம்முடைய ஆள் மூலையை விட்டு இரண்டு அடி உள்ளே வந்திருக்க வேண்டும். வந்தாரா? எப்போது வந்தார்? மறைப்பு வைக்கப்படும்போதே முதல் அடியை எடுத்து வைத்தவருக்கு ஆட்டம் புரிகிறது. பாஸ் காற்றில் பறக்கும்போது கிளம்பி, தன் அபார வேகத்தால் எட்டிப் பறந்து பந்தைப் பார்வையாளர் வரிசைக்கு அடித்தவருக்குக் கைதட்டல் கிடைக்கும், வீடியோ வைரலாகும். ஆனால் நான் கொப்பியில் "தாமதம்" என்றுதான் எழுதுவேன். என்.பி.ஏ.யில் அந்தப் பாஸ் இன்னும் வேகமாக வரும், உருள்கிறவரும் அதே உயரம் குதிப்பார். தாமதத்தைக் குதிப்பால் ஈடுகட்ட அங்கே இடமில்லை.

அப்புறம், பறந்துபோய் அடித்த பிறகு என்ன நடந்தது என்றும் பாருங்கள். பந்து மைதானத்துக்குள்ளேயே இருந்தால், மூலையில் விட்டுவந்த ஆளிடம் அது போய்ச் சேரும். திரும்பி ஓடுகிறாரா, எறிபவருக்கு முன்னால் குறுகிய அடிகள் வைத்துச் சமநிலையோடு நிற்கிறாரா, அல்லது மறுபடியும் பறந்து தாண்டிப் போய்விடுகிறாரா?

விதி வித்தியாசம் ஒன்றையும் மறக்காதீர்கள். கல்லூரி ஆட்டத்தில் நெட்டையர் ஒருவர் யாரையும் காக்காமல் வளையத்தடியிலேயே எவ்வளவு நேரமும் நிற்கலாம். என்.பி.ஏ.யில் தடுப்பு அணிக்கும் மூன்று நொடி விதி உண்டு. கல்லூரியில் ஆட்டத்துக்கு நாலு பிளாக் (எறிந்த பந்தைத் தட்டிவிடுவது) போடும் ஒருவர் அவற்றை எங்கே நின்று போடுகிறார் என்று பாருங்கள். வளையத்தடியில் காத்திருந்து போடுகிறவரா, வெளியிலிருந்து வந்து போடுகிறவரா? தபீட்டைப்போன்ற நெட்டையர்களைக் கணிக்கும்போது இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. ஃபவுலும் அப்படித்தான். கல்லூரியில் 40 நிமிடத்துக்கு 5, என்.பி.ஏ.யில் 48 நிமிடத்துக்கு 6. எண்ணிக்கையைவிட வகையைப் பாருங்கள். உடலால் மோதி வாங்கிய ஃபவுல் மன்னிக்கத்தக்கது. தாமதமாக வந்து கையை நீட்டி வாங்கியது அதே அரை நொடியின் இன்னொரு முகம்.

படி 5: கையில் பக்குவம் இருக்கிறதா?

நம்மூர்க் கண்ணுக்குப் பழகிய ஒருவரிடமிருந்து தொடங்கலாம். வலைப்பந்தாட்டத்தில் தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் 2 மீற்றருக்கும் மேல். 2019 உலகக் கிண்ணத்தில் எல்லா நாட்டவரையும் தாண்டி அதிக கோல் போட்டவர் அவர்தான். உயரம் இருந்ததால் பந்து யாருக்கும் எட்டாத இடத்தில் அவர் கைக்கு வந்தது. வந்த பந்தை வளையத்துக்குள் போட்டது கை. உயரத்தை மட்டும் பேசுகிறவர்கள் அவருடைய பயிற்சியைக் கழித்துவிட்டுப் பேசுகிறார்கள்.

கல்லூரி வீரரின் கையை அறிய முதல் சாட்சி ஃப்ரீ த்ரோ. ஃபவுலுக்குக் கிடைக்கும், யாரும் மறிக்காத எறி, எப்போதும் ஒரே தூரம். கல்லூரி த்ரீ பொயின்டர் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறி) விகிதத்தைவிட ஃப்ரீ த்ரோ விகிதம் எதிர்கால எறியைப் பற்றி நம்பகமாகப் பேசும் என்பது கணிப்பாளர்கள் மத்தியில் நிலைத்துவிட்ட கருத்து. காரணம் எளிது. ஒரு பருவத்தில் 60 த்ரீ எறிகிறவர் உண்மையில் 33 சதவீதக்காரராக இருந்தாலும், வெறும் தற்செயலால் 27இலும் நிற்கலாம், 39இலும் நிற்கலாம். அந்த எண்ணை வைத்து என்னத்தைச் சொல்வது?

லெனர்ட் கல்லூரியில் த்ரீ பொயின்டரில் 30 சதவீதத்தைத் தொட்டதே இல்லை, ஆனால் ஃப்ரீ த்ரோ இரண்டு ஆண்டும் 70க்கு மேல். அவர் ஆடப்போன சான் அன்டோனியோ அணியில் எறியைத் திருத்திக் கொடுத்தார்கள், முதல் பருவத்திலேயே த்ரீ 37ஐத் தாண்டியது. ஆன்ட்ரே டிரமண்ட் கல்லூரியில் ஃப்ரீ த்ரோவில் 30க்கும் கீழே. அவர் எறிபவராக மாறவில்லை, ஆனால் நாலு பருவங்களில் லீக்கிலேயே அதிக ரீபவுண்ட் எடுத்தார். வேலையைச் சரியாகப் பொருத்தினால் கை இல்லாதவருக்கும் இடம் உண்டு என்பதற்கு அவர் சாட்சி. மைக்கல் கிட்-கில்கிறிஸ்ட் இந்த விதிக்குள் அடங்காதவர். ஃப்ரீ த்ரோ 70க்கு மேல் இருந்து, 2012இல் 2ஆவதாகப் போயும் எறி கைகூடவே இல்லை. அவர் எறியும்போது முழங்கை கோணிப்போவது வெறும் கண்ணுக்கே தெரியும். ஆகவே எண்ணோடு எறியும் முறையையும் பாருங்கள்: பந்து ஒரே இடத்திலிருந்து ஒரே மாதிரி கிளம்புகிறதா, நடுவில் தயங்கி நிற்கிறதா?

வேறு சில இடங்களிலும் கை தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஓடிக்கொண்டே மோசமான பாஸைப் பிடிப்பது, இடக்கையால் பலகையில் மெதுவாகப் பட்டுப் போடுவது, நெட்டையரின் தலைக்கு மேல் சின்னதாகத் தூக்கிப் போடுவது. டங்க் தவிர வேறு முடிவே தெரியாதவருக்கு, டங்க் கிடைக்காத ஆட்டத்தில் என்ன இருக்கிறது?

படி 6: எண்களைக் கடைசியில் எடுங்கள்

பார்த்து முடித்தபிறகே புள்ளிவிவரத்தைத் திறவுங்கள், இல்லாவிட்டால் எண் சொன்னதைத்தான் கண் பார்க்கும். ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி என்பதை விட்டுவிட்டு, 40 நிமிடக் கணக்குக்கு மாற்றுங்கள். ஸ்டீலும் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது) பிளாக்கும் சேர்ந்து நல்லபடி இருந்தால், உடல் ஆட்டத்துக்குள் வேலை செய்கிறது என்று அர்த்தம். குதிப்பு 40 அங்குலம், ஆனால் ஸ்டீல், பிளாக், தாக்குதல் ரீபவுண்ட் எல்லாம் குறைவு என்றால் சந்தேகப்படுங்கள். அசிஸ்டையும் (புள்ளிக்கு வழிவைக்கும் பாஸ்) பந்தை இழப்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவ்வளவு போதும்.

படி 7: அவரைச் சுற்றி யார் இருக்கிறார்கள்?

ரசல் வெஸ்ட்புரூக் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டு ஆட்டத்துக்கு 3.4 புள்ளி எடுத்தார். அந்த அணியில் பந்து டரன் கொலிசனின் கையில் இருந்தது. இரண்டாம் ஆண்டு தடுப்பால் பேர் வாங்கி, 2008இல் 4ஆவதாகப் போய், 2017இல் அதிசிறந்த வீரரானார். கல்லூரிக் கோச் தன் அணி வெல்வதற்காக ஆட்டுகிறார், உங்களுக்குக் காட்டுவதற்காக அல்ல. எறியத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்கூட இல்லாத அணியில் எதிரணி முழுதும் வளையத்தடியில் அடைந்து நிற்கும். அங்கே யார் நுழைந்தாலும் மோசமாகத்தான் தெரியும். அவர் ஒருமுறை செய்து காட்டிய, ஆனால் அடிக்கடி செய்ய வாய்ப்பில்லாத விஷயங்களைக் கொப்பியில் தனியாகக் குறித்து வையுங்கள்.

படி 8: நவம்பரையும் மார்ச்சையும் பக்கத்தில் வையுங்கள்

பழுக்காத வீரரிடம் நாம் வாங்குவது இன்றைய ஆட்டத்தை அல்ல, அவர் கற்றுக்கொள்ளும் வேகத்தை. அதை அளக்க ஒரு நேரான வழி உண்டு. பருவத்தின் முதல் வார ஆட்டம் ஒன்றையும் கடைசி வார ஆட்டம் ஒன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். நவம்பரில் "தாமதம்" என்று எழுதிய அதே நிலைமையில் மார்ச்சில் முதல் அடி எப்போது விழுகிறது? நாலு மாதத்தில் ஒரு பழக்கமாவது மாறியிருந்தால் எனக்கு நம்பிக்கை வரும். ஒரு பிழையும் மாறாமல் புள்ளி மட்டும் கூடியிருந்தால், எதிரணிகள் பலவீனமாக இருந்தனவா என்றுதான் முதலில் தேடுவேன்.

குணத்தைப் பற்றித் தூரத்திலிருந்து தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. ஆனால் சில விஷயங்கள் திரையிலேயே தெரியும். வெளியே எடுத்தபோது கோச் சொல்வதைக் கேட்கிறாரா? பந்தை இழந்த அடுத்த நொடி திரும்பி ஓடுகிறாரா, கையை விரித்துக்கொண்டு நிற்கிறாரா? காய வரலாறையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எம்பீட் காயத்தால் தன் முதல் இரண்டு பருவங்களிலும் ஆடவே இல்லை, ஆனாலும் 2023இல் அதிசிறந்த வீரரானார். காயத்தைக் கண்டதும் வீரரைத் தள்ளிவிட வேண்டியதில்லை. காத்திருக்கும் காலத்தைக் கூட்டிக்கொண்டால் போதும்.

படி 9: திகதி போட்டு எழுதி வையுங்கள்

கடைசியில் அரைப் பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதுங்கள். மூன்று நிலைகள் வேண்டும்: எல்லாம் சரிவந்தால் என்ன, பெரும்பாலும் என்ன, ஒன்றும் சரிவராவிட்டால் என்ன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலையின் பேர் எழுதுங்கள், நட்சத்திர வீரரின் பேர் வேண்டாம். "அடுத்த லெனர்ட்" என்று எழுதினால் அடுத்த நிமிடமே யோசிப்பதை நிறுத்திவிடுவோம்.

கற்பனையாக ஒருவரை வைத்து எழுதினால் இப்படி வரும்:

"வயது 20, விளையாடத் தொடங்கி ஐந்து வருடம். வெறுங்காலில் 6 அடி 8, கை அகலம் 7 அடி 2. இரண்டாவது குதிப்பு மிக நன்று. நிற்கும் திறமை சுமார், இடப்பக்கம் திரும்பும்போது இடுப்பு பிந்துகிறது. தடுப்பில் முதல் அடி நவம்பரில் தாமதம், மார்ச்சில் பாதிக்குப் பாதி நேரத்துக்கு வந்துவிட்டது. ஃப்ரீ த்ரோ 71, எறியும் முறையில் தயக்கம் இல்லை, த்ரீ எண்ணிக்கை போதாது. பாஸ் பண்ணும்போது அவசரம். எல்லாம் சரிவந்தால்: ஐந்து இடத்தையும் காத்து, மூலையிலிருந்து எறியும் ஆரம்ப வீரர். பெரும்பாலும்: ஆட்டத்துக்கு 18 நிமிடம் தடுப்புக்காக வரும் மாற்று வீரர், மூன்றாவது வருடத்திலிருந்து. சரிவராவிட்டால்: ஐரோப்பிய லீக்கில் நல்ல சம்பளத்தோடு நெடுங்காலம். டிராஃப்டின் இரண்டாம் சுற்றுத் தொடக்கத்தில் எடுப்பேன். அடுத்த டிசம்பரில் மறுபடி பார்க்க வேண்டியது: இடப்பக்க இடுப்பு, மூலையிலிருந்து நூறு எறிகளின் கணக்கு."